மொத்தத்தில் கண்ணாடி பிரேம் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு: சந்தைப் போக்கிலிருந்து ஆர்டர் தாள் வரை

விற்காமல் வருடக்கணக்கில் தங்கிய பிரேம்களை ஒரு மேசையில் பரப்பிப் பாருங்கள். ஃபேஷன் மாறியதால் தேங்கியவை அவற்றில் சொற்பமாகத்தான் இருக்கும். மூக்கில் உட்காராமல் வழுக்குவது, பவர் லென்ஸ் போட்டதும் ஓரம் தடித்துத் தெரிவது, நல்ல வடிவமாக இருந்தும் யாரும் தொடாத ஒரு நிறம் மட்டும் மிஞ்சிப் போவது என்று காரணங்கள் வேறு. ஆகவே 'இப்போது என்ன ஓடுகிறது?' என்ற கேள்வியோடு மட்டும் கொள்முதலுக்குப் போகாதீர்கள். ஓடுவதில் எந்த அளவு, எந்த நிறம், எத்தனை என்பதும் கையில் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அதற்காகத்தான்.

படி 1: சொந்தக் கணக்கு முதலில்

கடந்த 12 மாதம் விற்ற பிரேம்களை ஒரு தாளில் ஏற்றுங்கள். மூலப்பொருள், வடிவம், கண் அளவு (லென்ஸின் அகலம்), நிறம், விலை அடுக்கு ஆகிய ஐந்து நெடுவரிசைகள் போதும். ஒவ்வொரு மாடலுக்கும் விற்றதை வாங்கியதால் வகுத்து வையுங்கள். 24 வாங்கி நான்கு மாதத்தில் 18 போயிருந்தால் 75 சதவீதம்; அது மறு ஆர்டருக்கு உரிய மாடல். அதே காலத்தில் 24-ல் 6 மட்டும் போயிருந்தால், எந்த நிறம் போயிற்று என்று பார்க்காமல் மாடலையே ஒதுக்கிவிட வேண்டாம். பல நேரம் கறுப்பு முழுக்கத் தீர்ந்திருக்கும், நீலம் அப்படியே இருக்கும். பழி வடிவத்தின் மேல் விழுந்துவிடும்.

புதிதாகக் கடை தொடங்குகிறவரிடம் இந்தக் கணக்கு இருக்காது. லென்ஸ் போட்டுத் தரும் லேபில் கேட்டு, பெயர் விவரம் இல்லாமல் நூறு பவர் சீட்டுகளின் எண்களை மட்டும் வாங்குங்கள். அவற்றில் மூன்றை எண்ணினால் போதும்: கண்மணி இடைவெளி எனப்படும் பி.டி. எந்த எண்களைச் சுற்றி வருகிறது, மைனஸ் 4-க்கு மேல் எத்தனை பேர், தூரத்துக்கும் படிப்புக்கும் ஒரே லென்ஸான புரோகிரசிவ் எத்தனை பேர். சந்தையில் ஓடும் போக்கில் எவ்வளவு உங்கள் கடைக்குச் செல்லும் என்பதை இந்த மூன்றும் சொல்லிவிடும்.

படி 2: ஓடுவது என்ன, அதில் மாட்டிக்கொள்வது எங்கே

போக்கைப் படிக்க ஆண்டுக்கு இரண்டு மூன்று இடங்களைக் கவனித்தால் போதும். பிப்ரவரியை ஒட்டி மிலானில் மிடோ, செப்டம்பர் வாக்கில் பாரிஸில் சில்மோ, நவம்பரில் ஹாங்காங் கண்ணாடிக் கண்காட்சி. நேரில் போக முடியாவிட்டாலும் அவற்றில் வெளியாகும் பட்டியல்களைப் புரட்டலாம். ஒரு விஷயம் மனத்தில் இருக்கட்டும்: கண்காட்சியில் முகப்பில் வைப்பது கவனத்தை இழுக்க, ஆர்டர் எழுதப்படுவது பின்மேசையில் இருக்கும் தட்டுகளிலிருந்து. விற்பனையாளரிடம் 'புதியது எது?' என்று கேட்பதைவிட 'போன முறை இரண்டாம் தடவை ஆர்டர் வந்தது எது?' என்று கேளுங்கள்.

இப்போதைய போக்குகளில் ஒன்று *தடித்த அசிடேட்*, அதாவது செல்லுலோஸிலிருந்து வரும் பிளாஸ்டிக் தகடு. முன்பு 4 மி.மீ. தடிப்பு வழக்கமாக இருந்த இடத்தில் 6, 8 மி.மீ. தகடுகளில் வெட்டி, ஓரத்தைச் சாய்வாகச் சீவிய பிரேம்கள் பரவியிருக்கின்றன. அதிக மைனஸ் பவர்காரர்களுக்கு இது வரம். தடித்த ரிம்முக்குள் லென்ஸின் ஓரம் மறைந்துவிடும். எடைதான் சங்கடம். லென்ஸ் இல்லாமலே 30 கிராம் தாண்டும் பிரேமைக் காலை முதல் மாலை வரை மூக்கு தாங்காது. முன்பக்கம் கனமாகவும் டெம்பிள் (காதில் மாட்டும் கை) மெல்லியதாகவும் இருந்தால் குனியும்போதெல்லாம் சரியும். மாதிரியைக் கையில் எடுத்ததும் தராசில் வையுங்கள்.

*ஒளி ஊடுருவும் நிறங்கள்*. கண்ணாடி வெள்ளை, ஷாம்பெய்ன், தேன், புகைச் சாம்பல். கறுப்பையும் ஆமையோட்டு நிறத்தையும் அடுத்து நிலையாக விற்கும் இடத்தை இவை பிடித்துவிட்டன. ஆனால் கறுப்பு மறைக்கும் குறை எல்லாவற்றையும் இவை காட்டிக்கொடுக்கும்: டெம்பிளுக்குள் ஓடும் கம்பி கோணலாக இருப்பது, தகடு ஒட்டிய இடத்தில் தூசி, லென்ஸ் பள்ளத்தில் பாலிஷ் மாவு. வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் மஞ்சளிப்பும் தெரியும்.

*மெல்லிய உலோகமும் ரிம்லெஸ்ஸும்*. தடித்த அசிடேட்டுக்கு நேர் எதிராக டைட்டானியக் கம்பி பிரேம்களும், லென்ஸில் துளையிட்டுப் பிடிக்கும் ரிம்லெஸ்ஸும் திரும்ப வந்திருக்கின்றன. ரிம்லெஸ் வாங்குமுன் உங்கள் லேபிடம் பேசியே ஆக வேண்டும். துளையிடத் தோதான லென்ஸ் பொருள்கள் பாலிகார்பனேட், டிரைவெக்ஸ், 1.60 எம்ஆர்-8 போன்றவை. சாதாரண பிளாஸ்டிக் லென்ஸான சிஆர்-39 துளையோரத்தில் விரிசல் விடும், மிக மெல்லிய 1.74 லென்ஸும் நம்பத்தகுந்ததல்ல. துளை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் லென்ஸ் ஆடும். வாடிக்கையாளர் இரண்டு வாரத்தில் திரும்பி வருவார். துளையிடும் கை தேர்ந்தவர் இல்லாத கடைக்கு ரிம்லெஸ் ஆறு பீஸ் போதும்.

*பெரியதும் சின்னதும் ஒரே நேரத்தில்*. 56, 58 கண் அளவுள்ள பெரிய சதுரங்கள் ஒரு பக்கம். 46 முதல் 49 வரையான குட்டி முட்டை வடிவங்கள் மறுபக்கம். இரண்டுக்கும் லென்ஸ் கணக்கில் சிக்கல் உண்டு. அது தனிப் படியாகக் கீழே வருகிறது.

*லேசான சாயமிட்ட லென்ஸ்*. இளஞ்சிவப்பு, மஞ்சள், வெளிர்நீலம். வெயில் கண்ணாடிகளுக்கான ஐஎஸ்ஓ 12312-1 தரத்தில் 0 முதல் 4 வரை வகைகள் உண்டு. வகை 0-ல் 80 சதவீதத்துக்கு மேல் ஒளி உள்ளே வரும். வகை 1-ல் 43 முதல் 80. வகை 2-ல் 18 முதல் 43. வகை 3-ல் 8 முதல் 18. வகை 4-ல் 3 முதல் 8. லேசான சாயம் 0-லோ 1-லோ அடங்கும். இதை வெயிலுக்கு என்று விற்றால் புகார் வரும், அழகுக்கு என்று சொல்லி விற்க வேண்டியது. வகை 4 ஓட்டுநருக்கு எந்த நேரத்திலும் ஆகாது. ஒளி 75 சதவீதத்துக்குக் குறைவாக வரும் எதுவும் இரவில் வண்டி ஓட்ட ஆகாது. 'இரவு ஓட்டுநர் கண்ணாடி' என்று மஞ்சள் லென்ஸைத் தள்ளிவிடுகிறவரிடம் இந்த எண்ணைக் கேளுங்கள். கறுப்பின் ஆழத்துக்கும் புற ஊதா தடுப்புக்கும் தொடர்பில்லை என்பதையும் கடைப் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள். நிறமே இல்லாத பாலிகார்பனேட் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். தடுப்பில்லாத கரிய லென்ஸ் கண்மணியை விரியவைத்துக் கெடுதலைக் கூட்டும்.

*நீல ஒளி தடுப்பு லென்ஸ்* என்ற வாசகத்தின் மவுசு இறங்குமுகம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட தொகுப்பு 17 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. கணினி முன் ஏற்படும் கண் சோர்வை இந்த லென்ஸ்கள் குறுகிய காலத்தில் குறைப்பதாக அதில் தெரியவில்லை. கேட்கிறவருக்குக் கொடுக்க இருப்பு வைக்கலாம். அட்டையில் மருத்துவ வாக்குறுதி அச்சிட்ட சரக்கைத் தவிர்ப்பது நல்லது.

*பிள்ளைகளுக்கான கிட்டப்பார்வைக் கட்டுப்பாட்டு லென்ஸ்* ஏறுமுகம். ஹோயா நிறுவனத்தின் மியோஸ்மார்ட் 2018-ல் வந்தது. எஸிலோரின் ஸ்டெலெஸ்ட், ஸெய்ஸின் மயோகேர் தொடர்ந்தன. பிரேம் வாங்குகிறவருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். மியோஸ்மார்ட், ஸ்டெலெஸ்ட் இரண்டிலும் நடுவில் சுமார் 9 மி.மீ. விட்டத்துக்குத்தான் தெளிவான பகுதி. அதைச் சுற்றி நுண்லென்ஸ்கள். பிரேம் 4, 5 மி.மீ. வழுக்கினாலே பிள்ளையின் பார்வை அந்த வட்டத்தைவிட்டு வெளியே போய்விடும். ஆகவே குழந்தைப் பிரேமில் கார்ட்டூன் படத்தைவிட மூக்குப் பிடிப்பும் காதுக் கொக்கியும் முக்கியம். வளைக்கக்கூடிய டெம்பிள் முனை, மென்மையான சிலிக்கோன் நோஸ் பேட், பின்தலைப் பட்டை மாட்டும் துளை ஆகியவை இருக்கின்றனவா பாருங்கள்.

*ஸ்மார்ட் கண்ணாடி*. 2021-ல் ரே-பான் ஸ்டோரீஸ், 2023-ல் ரே-பான் மெட்டா, 2025-ல் லென்ஸுக்குள்ளேயே திரை காட்டும் மெட்டா ரே-பான் டிஸ்ப்ளே என்று வரிசையாக வந்தபின், பெயர் தெரியாத ஆலைகளும் ஒலிபெருக்கி பொருத்திய பிரேம்களைத் தட்டில் வைக்கின்றன. இதை பிரேம் என்று நினைத்து வாங்கினால் கையைச் சுடும். செல்போன் என்று நினைத்து வாங்குங்கள். அடுத்த பதிப்பு வந்த அன்றே இருப்பின் விலை சரியும். டெம்பிளுக்குள் மின்சுற்று இருப்பதால் சூடேற்றி வளைத்து முகத்துக்குப் பொருத்த முடியாது. எந்தப் பவர் வரை லென்ஸ் போடலாம் என்பதற்கு தயாரிப்பாளர் வரம்பு வைத்திருப்பார். லித்தியம் மின்கலம் இருப்பதால் விமானச் சரக்கில் யூஎன் 3481 என்ற வகையில் வரும், மின்கலப் பாதுகாப்புக்கான யூஎன் 38.3 சோதனைச் சுருக்கம் இல்லாமல் சரக்கு ஏற்றமாட்டார்கள். அந்தத் தாளை ஆர்டருக்கு முன்பே கேளுங்கள். துறைமுகத்தில் கேட்டால் தாமதம்.

*பசுமை*. அசிடேட் அடிப்படையில் மரக்கூழிலிருந்தும் பருத்தியிலிருந்தும் வரும் செல்லுலோஸ்தான். 'பயோ' என்ற அடைமொழி பெரும்பாலும் அதை இளக்குவதற்குச் சேர்க்கும் பொருளைக் குறிக்கிறது. வழக்கமான தாலேட்டுக்குப் பதில் தாவர மூலத்திலிருந்து வந்த ஒன்று. இத்தாலியின் மட்சுக்கெல்லி எம்49 என்ற தகட்டை விற்கிறது. ஈஸ்ட்மேன் நிறுவனத்தின் அசிடேட் ரெனியூவில் கழிவிலிருந்து மீட்ட மூலப்பொருளின் பங்கு, ஐஎஸ்சிசி பிளஸ் சான்றின் கீழ் கணக்கு வைத்துக் காட்டப்படுகிறது. விற்கிறவர் பசுமை என்றால் தகடு யாருடையது, சான்று எண் என்ன, தகடு வாங்கிய ரசீது இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். 'முழுக்க மக்கிவிடும்' என்ற வாசகத்தைச் சான்றில்லாமல் உங்கள் அட்டையில் ஏற்றாதீர்கள்.

பெரிய பிராண்டுகளை எடுக்கிறவர் உரிமம் யாரிடம் இருக்கிறது என்பதையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். டியோரின் கண்ணாடி உரிமம் 2020 இறுதியில் சஃபிலோ நிறுவனத்திடம் முடிந்து, எல்விஎம்ஹெச் குழுமத்தின் தெலியோஸ் நிறுவனத்துக்குப் போனது. கெரிங் என்ற ஃபேஷன் குழுமம் 2014-லேயே தனக்கென்று ஒரு கண்ணாடி நிறுவனம் தொடங்கி, பின்னர் லிண்ட்பெர்க், மௌயி ஜிம் என்ற கண்ணாடி பிராண்டுகள் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. உரிமம் கை மாறும்போது பழைய சரக்கு மலிவாகத் தள்ளிவிடப்படும். வாங்கலாம், ஆனால் மாற்று டெம்பிளும் திருகாணியும் கிடைக்கிற காலம் குறுகிப் போயிருக்கும். அந்தச் சலுகையில் பாதியை உதிரிபாகமாகவே கேட்டு வாங்குவது கெட்டிக்காரத்தனம்.

படி 3: அளவு — பணம் தங்குவதும் தேங்குவதும் இங்கே

டெம்பிளின் உள்பக்கம் 52□18-145 என்று இருக்கும். 52 லென்ஸின் கிடை அகலம், 18 இரு லென்ஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, 145 டெம்பிளின் நீளம், எல்லாம் மி.மீ. லென்ஸைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து அளக்கும் முறை இது. பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது லென்ஸின் உயரம். அதைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் ஆர்டர் போட வேண்டாம்.

இப்போது ஒரு கணக்கு. 54□18 பிரேமில் இரு லென்ஸ்களின் நடுப்புள்ளி இடைவெளி 54 + 18 = 72. அணிகிறவரின் பி.டி. 62 என்றால் 10 மி.மீ. வித்தியாசம்; ஒவ்வொரு லென்ஸையும் 5 மி.மீ. மூக்குப் பக்கம் நகர்த்தி வெட்ட வேண்டும். இனி தேவையான லென்ஸ் வட்டின் (வெட்டுமுன் உள்ள முழு லென்ஸ்) விட்டம்: பிரேமிலுள்ள லென்ஸின் மிக நீண்ட விட்டத்தோடு இந்த 10-ஐயும், வெட்டும் கழிவுக்கு 2-ஐயும் கூட்டுங்கள். நீண்ட விட்டம் 57 என்றால் 57 + 10 + 2 = 69. 70 மி.மீ. வட்டு தாங்கும்.

இதே கணக்கைப் பெரிய சதுரத்துக்குப் போடுவோம். 58□16, பி.டி. 60, நீண்ட விட்டம் 62. வித்தியாசம் 14. 62 + 14 + 2 = 78. இருப்பில் கிடைக்கும் 70, 75 மி.மீ. வட்டுகள் எட்டாது, தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும், அதற்கு நாளும் காசும் கூடும். மைனஸ் பவராக இருந்தால் காதுப் பக்க ஓரம் இன்னும் தடிக்கும். கண்ணாடியைப் பார்த்து ஆசைப்பட்டவர் கையில் வாங்கியதும் முகம் சுளிப்பது இதனால்தான். பெரிய சதுரம் வேண்டுமென்றால் படி 1-ல் எண்ணிய பி.டி. எண்களைப் பார்த்து 54, 55-ல் நிறுத்துங்கள். அதைத் தாண்டியவற்றை பவர் இல்லாத வெயில் கண்ணாடியாக எடுங்கள்.

குட்டி முட்டை வடிவத்தின் சிக்கல் உயரத்தில். புரோகிரசிவ் லென்ஸில் தூரப் பார்வைப் புள்ளியிலிருந்து படிக்கும் பகுதி முழுதாகத் தொடங்க, வடிவமைப்பைப் பொறுத்து 14 முதல் 18 மி.மீ. வரை கீழே இறங்க வேண்டும். லென்ஸின் மொத்த உயரம் 28-க்குக் குறைந்தால் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போகும். 24 மி.மீ. உயரமுள்ள முட்டை வடிவம் இளைஞர்களின் ஒற்றைப் பவருக்கு மட்டும். தட்டில் அதற்கென்று ஒரு சின்ன ஒட்டு வைத்துவிட்டால் கடைப் பையன் தவறாக விற்கமாட்டார்.

மூக்கு விஷயம். ஒரே பிரேம் எல்லா மூக்குக்கும் உட்காராது என்பதைச் சந்தை மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டது. தாழ்ந்த மூக்குப் பாலத்துக்கென்று அகன்ற பேடும் குறைந்த வளைவும் வைத்த மாடல்கள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. அசிடேட்டில் பேட் பிரேமோடு சேர்ந்தே இருக்கும், எளிதில் மாற்ற முடியாது. அதே மாடல் கம்பிக் கையோடு பிரிக்கக்கூடிய நோஸ் பேடில் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அதையே எடுங்கள், விற்பனை எளிது.

படி 4: மாதிரியைக் கையில் வாங்கியதும்

பட்டியல் படத்தை நம்பி மொத்தம் போடாதீர்கள். ஒவ்வொரு மாடலிலும் குறைந்தது இரண்டு நிறத்தில் மாதிரி வாங்குங்கள். ஒரு பீஸைக் கெடுத்துப் பார்க்கத் தயாராக இருங்கள்.

முதலில் சமதளச் சோதனை: டெம்பிள்களை விரித்து, பிரேமைத் தலைகீழாக ஒரு கண்ணாடிப் பலகையில் வையுங்கள். இரண்டு டெம்பிளும் பலகையைத் தொட வேண்டும். ஒன்று தூக்கி நின்றால் முன்பக்கம் முறுக்கியிருக்கிறது, அல்லது கீல் கோணலாகப் பதிந்திருக்கிறது. முன்னதைச் சூடேற்றிச் சரிசெய்யலாம்; பின்னதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அடுத்து வெர்னியர் காலிபரால் அளவுகள். பிரேம்களுக்கான ஐஎஸ்ஓ 12870 லென்ஸ் அகலத்திலும் பாலத்திலும் ±0.5 மி.மீ., டெம்பிளில் ±2 மி.மீ. வித்தியாசத்தைத்தான் ஏற்கிறது. கையில் ஐந்து பீஸ் இருந்தால் ஐந்தையும் அளந்து பாருங்கள். ஒன்று சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது.

மூன்றாவது, லென்ஸ் மாட்டிப் பாருங்கள். மாதிரி லென்ஸைக் கழற்றி, உங்கள் லேபில் வெட்டிய ஒன்றைப் போட்டு, மறுபடி கழற்றுங்கள். அசிடேட்டைச் சூடேற்றினால் விரிந்து கொடுக்கும், ஆறினால் இறுகிக்கொள்ளும். டிஆர்90 என்ற நைலான் வகைப் பிளாஸ்டிக் அப்படிச் சுருங்கித் தராது. கொஞ்சம் சின்னதாக வெட்டிய லென்ஸ் அதில் ஆடிக்கொண்டேயிருக்கும். அல்டெம் என்ற பிளாஸ்டிக்கும் அதே குணம். டிஆர்90 அதிகம் வாங்கப் போகிறீர்கள் என்றால், அதே பிரேமிலிருந்து வடிவத்தை நேரடியாக அளக்கும் எந்திரம் லேபில் இருக்கிறதா பாருங்கள்.

நான்காவது கீல். மூன்று பல், ஐந்து பல் என்று வரும். பல் கூடினால் ஆட்டம் குறையும். ஸ்பிரிங் கீல் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும், பழுது பார்க்கிறவருக்குப் பிடிக்காது. உள்ளே ஸ்பிரிங் போனால் டெம்பிளையே மாற்ற வேண்டும். ஐஎஸ்ஓ 12870-ல் 500 முறை விரித்து மடக்கும் சோதனை உண்டு. அந்த அறிக்கையைக் கேளுங்கள். கூடவே நீங்களும் ஒரு மாலை உட்கார்ந்து நூறு முறை மடக்கிப் பாருங்கள். திருகாணி தளர்ந்தால் பூட்டுப் பசை போடாத ஆலை என்று அர்த்தம்.

ஐந்தாவது மூலப்பொருள். 'சுத்த டைட்டானியம்' என்பதை காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் நிச்சயம் டைட்டானியம் இல்லை. ஒட்டாவிட்டால் டைட்டானியம் என்று ஆகிவிடாது, ஏனென்றால் நல்ல துருப்பிடிக்காத எஃகும் பெரும்பாலும் ஒட்டாது. எடைதான் துப்பு கொடுக்கும்: டைட்டானியத்தின் அடர்த்தி சுமார் 4.5, எஃகின் அடர்த்தி 8-ஐ ஒட்டி. ஒரே பருமனில் கிட்டத்தட்ட பாதி எடை. உலோகத்தில் நிக்கல் தோலில் கசிகிறதா என்பதற்கும் சோதனை அறிக்கை வாங்குங்கள். ஐரோப்பிய வரம்பு வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.-க்கு 0.5 மைக்ரோகிராம். அரிப்புப் புகார்களின் வேர் இங்கே.

அசிடேட்டின் பழக்கதோஷங்கள் இரண்டு. வெட்டிய தகடு போதிய நாள் காயாமல் பிரேமாகிவிட்டால், சில மாதத்தில் முன்பக்கம் வளைந்து லென்ஸ் தெறிக்கும். இளக்குப் பொருள் மேலே வந்தால் வெண்பூப் போல மாவு படியும். இரண்டுக்கும் மாதிரியிலேயே கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு: 55 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். தரச் சோதனையிலும் இதே சூடுதான். இன்னொரு சிக்கலும் உண்டு: அசிடேட்டிலிருந்து கசியும் இளக்குப் பொருள் பாலிகார்பனேட்டை அரிக்கும். அதனால் அசிடேட் வெயில் கண்ணாடியில் பாலிகார்பனேட் லென்ஸ் இருந்தால் ஓரத்தில் முடி போன்ற கீறல்கள் வரும். நைலான் அல்லது சிஆர்-39 லென்ஸ் போட்டுத் தரக் கேளுங்கள்.

படி 5: எவ்வளவு எழுதுவது

புதிய கடையின் முதல் தட்டில் பாதிக்கு மேல் நிலையான சரக்கு இருக்கட்டும்: 50 முதல் 54 வரையான செவ்வகம், மென்சதுரம், வட்டமும் சதுரமும் கலந்த பாண்டோ, கறுப்பு, ஆமையோடு, ஒளி ஊடுருவும் ஏதாவது ஒன்று. கால்பங்கு, ஏற்கெனவே ஒரு பருவம் ஓடித் தேறிய போக்குகளுக்கு. மிச்சமுள்ளது மட்டும் பரீட்சைக்கு. பரீட்சைச் சரக்கில் ஒரு மாடலுக்கு ஒரு நிறம், மூன்று பீஸ். ஆறு வாரத்தில் இரண்டு போனால் ஆர்டரை விரிக்கலாம். வடிவம் மெதுவாக மாறும், நிறம் சீக்கிரம் மாறும். எனவே புது வடிவத்தைத் தைரியமாகப் பழைய நிறத்தில் எடுங்கள், புது நிறத்தை விற்றுத் தேறிய பழைய வடிவத்தில் எடுங்கள். இரண்டையும் ஒரே பீஸில் புதிதாக வாங்குவதுதான் தேங்கலுக்கு நேர்வழி.

ஆலையின் குறைந்தபட்ச ஆர்டர் எண்ணிக்கை இங்கே குறுக்கே வரும். உங்கள் பெயர் பொறித்து அசிடேட் செய்யக் கேட்டால் ஒரு மாடலுக்கு சில நூறு, ஒரு நிறத்துக்கு நூறு என்ற மாதிரிப் பேசுவார்கள். டிஆர்90-க்கு வார்ப்பச்சு செய்ய வேண்டியிருப்பதால் எண்ணிக்கை இன்னும் கூடும். தயார் சரக்கு என்றால் பத்து, இருபது பீஸ்கூட கிடைக்கும். முதல் ஆண்டில் தயார் சரக்கோடு நிறுத்திக்கொள்வதுதான் எங்கள் அபிப்பிராயம். சொந்தப் பெயர் பொறிக்கும் ஆசையைத் துணியிலும் பெட்டியிலும் தீர்த்துக்கொள்ளலாம்.

மறு ஆர்டருக்கு ஒரு கணக்கு. மாதம் 40 பிரேம் போகிறது. சரக்கு வந்துசேர இரண்டரை மாதம். ஒரு மாதம் கையிருப்பாக வேண்டும். 40 × 3.5 = 140. கையில் இருப்பதையும் வழியில் வருவதையும் இதிலிருந்து கழித்துவிட்டு மீதியை எழுதுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டி ஆலைகள் வாரக்கணக்கில் மூடும்; வென்ஜோவிலிருந்தும் ஷென்ஜெனிலிருந்தும் வாங்குகிறவர் அந்தக் காலத்துக்கான சரக்கை மாதங்களுக்கு முன்பே எழுதிவிட வேண்டும். ஜப்பானில் சபாயே நகரிலிருந்து டைட்டானியம் வாங்குகிறவருக்குக் காத்திருப்பு பொதுவாக இன்னும் நீளம்.

விலையை ஆலை வாசலில் பார்க்காமல் உங்கள் வாசலில் பாருங்கள். பீஸ் விலையோடு பரிசோதனைச் செலவு, சரக்குக் கூலி, சுங்கம், வரி, பெட்டி, துணி, பழுதுக்கு ஒரு பங்கு எல்லாம் சேர வேண்டும். பலரும் தவறவிடுவது பெட்டி. கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.-ல் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதையும், நிஜ எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குக் கூலி வாங்குவார்கள். காற்றடைத்த கடினப் பெட்டிகளோடு பிரேமை வரவழைத்தால் காற்றுக்குக் கூலி கொடுக்கிறீர்கள். மடக்குப் பெட்டியாகத் தட்டையாக வரவழையுங்கள், அல்லது பெட்டியை உள்ளூரில் வாங்குங்கள்.

படி 6: தாள்கள்

சுங்கக் குறியீட்டின் முதல் நான்கு இலக்கம் பெரும்பாலான நாடுகளில் ஒன்றே: பிரேம் 9003, வெயில் கண்ணாடியும் தயார்க் கண்ணாடிகளும் 9004, தனி லென்ஸ் 9001-க்குள். பிரேமும் வெயில் கண்ணாடியும் ஒரே பெட்டியில் வந்தால் ரசீதில் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் பவர் பிரேம் மருத்துவக் கருவி விதிக்குள்ளும், வெயில் கண்ணாடி தற்காப்புச் சாதன விதிக்குள்ளும் வரும். அமெரிக்காவில் லென்ஸ்களுக்கு மோதல் சோதனை கேட்பார்கள்: சுமார் 16 கிராம் எஃகுக் குண்டை 127 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, லென்ஸ் உடையாமல் இருக்க வேண்டும். சோதனை அறிக்கையில் இருக்கும் மாடல் எண்ணும் உங்கள் ரசீதில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறொரு மாடலின் அறிக்கையை நீட்டுவது பழைய வித்தை.

பிரபல பிராண்டை 'அதே மாதிரி' என்று சொல்லித் தரும் பிரேமில் பெயர் இல்லாவிட்டாலும் வடிவ உரிமைச் சிக்கல் வரலாம். சுங்கத்தில் நின்றுவிட்டால் பணமும் போகும் சரக்கும் போகும்.

படி 7: சரக்கு கிளம்பும் முன்னும் வந்த பின்னும்

மீதிப் பணம் கொடுக்குமுன் பரிசோதனை. 281 முதல் 500 பீஸ் வரையான சரக்குக்கு, மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 2859-1 தரத்தின் பொது நிலை 2-ல் 50 பீஸை எடுத்துப் பார்க்க வேண்டும். 501 முதல் 1200 வரை என்றால் 80. பெரிய குறைகளுக்கு 2.5 என்ற ஏற்பு வரம்பு வைத்தால், 50-ல் 3 வரை ஏற்கலாம், 4 வந்தால் மறுக்கலாம். 80-ல் 5 வரை ஏற்கலாம், 6 வந்தால் மறுக்கலாம். எது பெரிய குறை என்று ஆர்டரிலேயே எழுதி வையுங்கள்: முறுக்கிய முன்பக்கம், ஆடும் கீல், தவறான அளவு, முலாம் உரிதல். பாலிஷ் கீறலும் எழுத்து மங்கலும் சின்னக் குறைகள். கூர்முனை, உடைந்த லென்ஸ் போன்றவை ஒன்றுகூட இருக்கக் கூடாது. எழுதாமல் விட்டால் 'இது சகஜம்தான்' என்ற பதிலே கிடைக்கும்.

ஒப்புதல் தந்த மாதிரியில் ஒன்றைப் பையில் போட்டு, கையெழுத்திட்டு ஒட்டி, உங்களிடமே வையுங்கள். தகராறு வந்தால் பேசப்போவது அதுதான். ஆர்டரோடு சேர்த்து நூற்றுக்கு இரண்டு வீதம் மாற்று டெம்பிள், நோஸ் பேட், திருகாணி இலவசமாகக் கேளுங்கள். ஆர்டருக்கு முன் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், பின்னால் கேட்டால் அந்த மாடலே நின்றுபோயிருக்கும்.

சரக்கு வந்ததும் பெட்டியை வெயிலிலோ மூடிய வண்டியிலோ விடாதீர்கள். அசிடேட் சூட்டில் வளையும். ஒருநாள் அறைச் சூட்டில் ஆறவிட்டு, பிறகு தட்டில் அடுக்கலாம். ஒவ்வொரு பீஸையும் மறுபடி சமதளத்தில் வைத்துப் பார்த்து, திருகாணியை ஒரு சுற்று இறுக்கி, மாடல், நிறம், அளவு, வந்த மாதம் நான்கையும் ஒட்டில் எழுதுங்கள். வந்த மாதத்தை எழுதாத கடையில் எது பழைய சரக்கு என்று ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. தள்ளுபடி வைக்கும் நாளில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் மாடலும் சேர்ந்து தள்ளுபடியில் போய்விடும்.